எழுத்துக்குச் சுழி போட்ட முனிவர்!

குட்டீஸ்... ஆங்கில வகுப்பில் ஆசிரியர் முதலில் என்ன சொல்லித் தருவார்? 26 எழுத்துகளையும் எழுதப் பழக்குவார். அடுத்து, அதில் ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் வட்டம் போடச் சொல்வார். ஏ, ஈ, ஐ, ஓ, யூ... இந்த ஐந்தும் உயிரெழுத்துகள். ஆங்கிலத்தில், 'வவல்ஸ்' என்பார்கள். மீதமுள்ள 21ம் மெய்யெழுத்துகள். அவற்றுக்கு, 'கான்சனன்ட்ஸ்' என்று பெயர்.

இதுவரை சுலபம்தான். வாசிக்கத் தொடங்கும் போதுதான் தலை சுற்றும்! 'டாக்' என்றால் நாய். 'கோ' என்றால் போ. 'டூ' என்றால் செய். மூன்று சொற்களிலும் நடுவிலோ, கடைசியிலோ இருப்பது ஒரே, 'ஓ' எழுத்துதான். ஆனால், ஓரிடத்தில், 'ஆ' போலவும், இன்னோர் இடத்தில், 'ஓ' போலவும், மற்றோர் இடத்தில், 'ஊ' போலவும் ஒலிக்கிறது. எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சொல்லே தெரிந்திருக்க வேண்டும்.

'நல்லவேளை, நம் தமிழில் இந்தத் தொல்லை இல்லை' என்று நினைக்கிறீர்களா? ஒரு காலத்தில் இருந்தது! எ, ஏ என்ற இரண்டுக்கும், ஒ, ஓ என்ற இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் வாசகர்கள் திண்டாடிய காலம் அது. அந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்து வைத்தவர் ஓர் இத்தாலிக்காரர். நம் விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் மண்ணை ஒட்டிய ஊரில் வாழ்ந்தவர். அவர்தான் வீரமாமுனிவர்!

இத்தாலி டு கரிசல் காடு!

இத்தாலி நாட்டின் வடபகுதியில் உள்ள ஊர் காஸ்திகிலியோன். அங்கே, 1680ம் ஆண்டு நவம்பர் 8ம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர், கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளம் வயதிலேயே இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். தாய்மொழி இத்தாலியோடு லத்தீன் முதலிய மொழிகளையும் கற்றார்.

அவர் சிறுவயதில் கற்ற எழுத்துகள், இன்று நீங்கள் ஆங்கில வகுப்பில் எழுதும் அதே ஏ, பி, சி, டி குடும்பத்து எழுத்துகள்தான். உயிரெழுத்துகளும் அதே ஐந்துதான். ஆனால், இத்தாலியர் அவற்றை ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்று ஒலிப்பார்கள்.

இந்தியாவுக்குப் போய்ச் சமயப் பணி செய்ய வேண்டும் என்று விரும்பினார். போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து, 1710ல் கப்பல் ஏறினார். அப்போது விமானம் ஏது? சூயஸ் கால்வாய் கூட வெட்டப்படவில்லை. அது, 1869ல்தான் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டு, பல மாதங்கள் பாய்மரக் கப்பலில் பயணம் செய்து கோவாவை வந்தடைந்தார். பின், கேரளத்தில் உள்ள அம்பலக்காடு வழியாகத் தமிழகத்துக்கு வந்தார்.

விருதுநகரிலிருந்து தெற்கே போனால் சாத்தூர். அதைத் தாண்டினால் கோவில்பட்டி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்றும் பிற்காலத்தில் தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்றவை. கோவில்பட்டிக்கு அருகில் உள்ளது காமநாயக்கன்பட்டி. தமிழகத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பெஸ்கி பணியாற்றியது இந்த ஊரில்தான். அங்குள்ள பரலோக மாதா ஆலயத்தின் வரலாற்றில் அவர் பெயருக்குத் தனி இடம் உண்டு.

முப்பது வயதில் அனா, ஆவன்னா!

தமிழகத்துக்கு வந்த போது அவருக்கு வயது முப்பதைத் தொட்டிருந்தது. அந்த வயதில், சின்னக் குழந்தையைப் போல, அ, ஆ விலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள்... நமக்கு ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கற்பதே பெரிய வேலையாக இருக்கிறது. தமிழிலோ, உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக மொத்தம் 247! போதாததற்கு, இத்தாலி மொழியில் இல்லாத ழகரம், ணகரம் எல்லாம் நாக்கைப் படுத்தும்.

இன்னொரு புதுமையும் இருந்தது. அவருடைய மொழியில் உயிரும் மெய்யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'கா' என்று எழுத, 'சி' எழுத்தை எழுதி அடுத்து, 'ஏ' எழுத்தை எழுதுவார்கள். இரண்டும் தனித் தனி ஆட்கள். தமிழில் அப்படியில்லை. 'க்' என்ற மெய்யோடு, 'ஆ' என்ற உயிர் சேர்ந்தால், இரண்டும் ஒன்றாகி, 'கா' என்ற ஒரே எழுத்தாகிவிடும். உடம்பும் உயிரும் சேர்ந்து ஒரே ஆள் ஆவதைப் போல! அதனால்தான் நம் முன்னோர், உயிர், மெய், உயிர்மெய் என்று அழகாகப் பெயர் வைத்தனர். மெய் என்றால் உடம்பு என்று பொருள்.

பெஸ்கி சளைக்கவில்லை. பேச்சுத் தமிழைக் கற்றதோடு நிறுத்திக் கொள்ளவும் இல்லை. இலக்கணம், இலக்கியம் எல்லாம் புலவர்களிடம் முறையாகப் பாடம் கேட்டார். சுப்ரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் என்பார்கள். உடை, உணவு எல்லாவற்றையும் தமிழ்நாட்டுத் துறவியைப் போல மாற்றிக் கொண்டார். தன் பெயரையும், 'தைரியநாதசாமி' என்று மாற்றினார். பின்னாளில், 'வீரமாமுனிவர்' என்ற பெயர் நிலைத்தது.

ஓலையில் தொலைந்த புள்ளி!

அந்தக் காலத்தில் நோட்டுப் புத்தகம் கிடையாது. பனை ஓலையில், எழுத்தாணி என்ற கூரிய இரும்புக் கருவியால் கீறித்தான் எழுதுவார்கள்.

பழைய இலக்கண விதிப்படி, குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் எ, இல்லாவிட்டால் ஏ. புள்ளி இருந்தால் ஒ, இல்லாவிட்டால் ஓ. கெ, கே போன்ற உயிர்மெய்களுக்கும் இதே விதிதான். ஒற்றைக் கொம்பு ஒன்றுதான். புள்ளியை வைத்துத்தான் குறிலா, நெடிலா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

விதி நல்ல விதிதான். ஆனால், ஓலை கேட்க வேண்டுமே! கூரான எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப் போகும். ஆகவே, எழுதுபவர்கள் புள்ளி வைப்பதையே விட்டுவிட்டனர். விளைவு? எ, ஏ இரண்டும் ஒன்று போலாயின. ஒ, ஓ இரண்டும் ஒன்று போலாயின.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? இந்தச் சொற்களைப் பாருங்கள்...

எரி என்றால் நெருப்பு. ஏரி என்றால் நீர்நிலை!

பெட்டி என்றால், தீப்பெட்டியில் வருகிறதே, அந்தப் பெட்டி. பேட்டி என்றால் நேர்காணல்!

கொடி என்றால் கம்பத்தில் பறப்பது. கோடி என்றால் நூறு லட்சம்!

செய் என்றால் வேலை செய்வது. சேய் என்றால் குழந்தை!

தொடு என்றால் தீண்டு. தோடு என்றால் காதில் போடுவது!

ஒரு சின்னப் புள்ளி போனதால், நெருப்பும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. நன்றாகப் படித்த புலவர்கள், முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து ஊகித்துப் படித்துவிடுவார்கள். ஆனால், புதிதாகப் படிக்க வரும் குழந்தை என்ன செய்யும்? சொல் தெரிந்தால்தான் எழுத்தை வாசிக்க முடியும்; எழுத்தை வாசித்தால்தான் சொல்லைத் தெரிந்து கொள்ள முடியும். ஆங்கில, 'ஓ' நம்மைப் படுத்துகிறதே, அதே பாடுதான்!

ஒரு சுழி... ஒரு கீற்று!

தமிழை வெளியிலிருந்து வந்து கற்றவர் வீரமாமுனிவர். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களின் கண்ணுக்குப் பழகிப் போன குழப்பம், கற்க வந்தவருக்குப் பளிச்சென்று தெரியும் அல்லவா? லத்தீன் மொழியிலும் குறில், நெடில் உண்டு. ஆனால், சாதாரணமாக எழுதும் போது இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். தமிழிலோ, உயிரெழுத்துகளில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று மற்ற குறில், நெடில்களுக்கெல்லாம் தனித் தனி வடிவம் இருந்தது. எகர, ஒகரங்கள் மட்டும்தான் புள்ளியை நம்பி நின்றன.

அந்தக் குறையை நீக்கியவர் என்று தமிழ் எழுத்தின் வரலாறு வீரமாமுனிவரைக் குறிப்பிடுகிறது. புள்ளியை நம்புவதை விட்டுவிட்டு, எழுத்தின் வடிவத்திலேயே வேறுபாடு காட்டும் வழி பிறந்தது.

'எ' என்ற எழுத்தின் காலில் கீழ்நோக்கி ஒரு கீற்று இழுத்தால், 'ஏ'. 'ஒ' என்ற எழுத்தின் அடியில் ஒரு சுழி சேர்த்தால், 'ஓ'. உயிர்மெய்யில், 'கெ' என்பதற்குச் சாதாரணக் கொம்பு. அந்தக் கொம்பின் மேலே இன்னொரு சுழி சுழித்தால், 'கே'. அதேபோல், 'கொ' என்பதில் உள்ள கொம்பைச் சுழித்தால், 'கோ'.

அவ்வளவுதான்! புது எழுத்தைக் கண்டுபிடித்துப் பழைய எழுத்துகளைத் தூக்கி எறியவில்லை. இருக்கிற எழுத்திலேயே ஒரு சிறு சுழி. எழுத்தாணியைத் தூக்காமல் சேர்த்து இழுத்துவிடலாம், ஓலையும் கிழியாது. ஓலைக் காலம் போய் அச்சுக் காலம் வந்த போது, இந்த வடிவங்களே நிலைத்தன. நீங்கள் படித்துக் கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் எத்தனை இடத்தில், 'ே' என்ற இரட்டைச் சுழிக் கொம்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர் உழைப்பின் பயன் புரியும்.

முதல் அகராதி!

அந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால், 'நிகண்டு' என்ற நூல்தான் துணை. அது முழுவதும் பாட்டாக இருக்கும். அத்தனை பாட்டையும் மனப்பாடம் செய்திருந்தால்தான் வேண்டிய சொல்லைக் கண்டுபிடிக்க முடியும். புதிதாகப் படிப்பவர்களுக்கு அது மலை ஏறுவது போல!

வீரமாமுனிவர், 1732ல், 'சதுரகராதி' என்ற நூலை உருவாக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. அதனால் சதுர் அகராதி. சொற்களை அ, ஆ, இ, ஈ என்ற எழுத்து வரிசையில் அடுக்கி வைத்தார். எழுத்து வரிசை தெரிந்த யாரும் சொல்லைத் தேடி எடுத்துவிடலாம். மனப்பாடம் தேவையில்லை. இன்று உங்கள் பள்ளிப் பையில் இருக்கும் அகராதிகளுக்கு இதுவே முன்னோடி.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே உபதேசியார்களுக்குப் பாடம் நடத்தினார். ஐந்து இலக்கணங்களையும் விளக்கும், 'தொன்னூல் விளக்கம்' எழுதினார். சூசையப்பரின் வரலாற்றைப் பாடும், 'தேம்பாவணி' என்ற காப்பியத்தை இயற்றினார். அதில் 36 படலங்கள், 3,615 பாடல்கள்! திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்து, ஐரோப்பியர் படிக்கச் செய்தவரும் அவர்தான்.

வெளிநாட்டினர் தமிழ் கற்பதற்காக, பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணமும், இலக்கியத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். இதில் ஒரு சுவையான செய்தி... தரங்கம்பாடியில் இருந்த டென்மார்க் நாட்டுச் சமயக் குழுவினருக்கும் அவருக்கும் சமயக் கொள்கையில் ஆகவே ஆகாது. இரு தரப்பும் எழுத்தில் மோதிக் கொண்டன. ஆனாலும், அவர் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கணம், 1738ல் அச்சானது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான். சண்டை வேறு, நல்ல பாடப் புத்தகம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

சிரிக்க வைத்த சீடர்கள்!

பரமார்த்த குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் உங்களுக்குத் தெரியுமா? பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி வந்து, அது கீழே விழுந்து உடைந்ததும், புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்துவார்களே... அவர்களேதான்! அந்தக் கதைகளை எழுதியவரும் நம் வீரமாமுனிவர்தான்.

வேடிக்கைக்காக மட்டும் அவர் எழுதவில்லை. தமிழ் படிக்கும் வெளிநாட்டினர் பேச்சு நடையை வாசித்துப் பழக வேண்டும் என்பதற்காகவே எழுதினார். சிரித்துக் கொண்டே படித்தால் பாடம் மனதில் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர், 1822ல் இக்கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் வெளியிட்டார்.

வீரமாமுனிவர், 1747ம் ஆண்டு பிப்ரவரி 4ம் தேதி, அம்பலக்காட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. தமிழகத்துக்கு வந்த பின் அவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை. 1968ல் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்த போது, மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தனர்.

ஆங்கிலத்துக்கு ஒரு சுழி உண்டா?

சரி குட்டீஸ்... தமிழுக்கு வீரமாமுனிவர் கிடைத்தார். ஆங்கிலத்துக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா? பலர் முயன்றனர், ஆனால், எழுத்து முறை பெரிதாக மாறவில்லை. அதனால், ஐந்தே உயிரெழுத்துகளை வைத்துக் கொண்டு, சுமார் இருபது உயிர் ஒலிகளை ஆங்கிலம் சமாளிக்கிறது. அந்த மொழியில் குழந்தைகள் தடுமாறுவது அவர்கள் தவறு அல்ல, எழுத்து அப்படி!

ஆனாலும், ஆங்கிலத்திலும் நம் சுழியைப் போல ஒரு தந்திரம் உண்டு. 'எச், ஓ, பி' என்று எழுதினால், 'ஹாப்'. ஒற்றைக் காலில் குதிப்பது. அதன் கடைசியில், 'ஈ' எழுத்தைச் சேருங்கள். 'ஹோப்' என்றாகிவிடும், அதாவது நம்பிக்கை! 'பி, ஐ, என்' என்றால், 'பின்', குண்டூசி. கடைசியில், 'ஈ' சேர்த்தால், 'பைன்'. மலையில் வளரும் மரம். கடைசியில் வந்த, 'ஈ' வாய் திறக்காது. ஆனால், முன்னால் இருக்கும் உயிரெழுத்தின் ஒலியையே மாற்றிவிடும். கெ என்பதை கே ஆக்கும் சுழியைப் போலத்தான், எட்ட நின்று வேலை பார்க்கிறது. எல்லாச் சொல்லிலும் இப்படி நடக்காது. ஆனால், பெரும்பாலான சின்னச் சொற்களில் உதவும்.

விளையாடிப் பாருங்கள்!

தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும், சிவகாசியில் அச்சான ஏதாவது ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். காலண்டர், நோட்டு, தீப்பெட்டி லேபிள், மத்தாப்புப் பெட்டி என்று. காலிப் பெட்டி ஒன்றை எடுங்கள். அதில் அச்சாகியுள்ள ஆங்கிலச் சொற்களில் உயிரெழுத்துகளுக்குச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுங்கள். பிறகு, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டு வாசித்து, அந்த உயிரெழுத்து, தமிழில் எந்த எழுத்தைப் போல ஒலிக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரே எழுத்துக்கு எத்தனை வேஷம் என்று தெரிந்துவிடும்.

ஒரு புதிர்... வானத்துக்கு ஆங்கிலத்தில், 'ஸ்கை'. எழுத்துகள், எஸ், கே, ஒய். இதில் அந்த ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்று கூட இல்லையே! பின் எப்படி ஒலிக்கிறது? விடை: இங்கே, 'ஒய்' எழுத்துதான் உயிரெழுத்து வேலையைப் பார்க்கிறது. சில சொற்களில் மெய். சில சொற்களில் உயிர். இரட்டை வேடக்காரர் அவர்!

ஆங்கிலம் வாசிக்கும் போது தப்பு வந்து, வகுப்பில் யாராவது சிரித்தால், வாசிப்பதை நிறுத்திவிடாதீர்கள். முப்பது வயதில், மொழி தெரியாத ஊரில், அனா, ஆவன்னா என்று தொடங்கியவர்தான், பின்னாளில் தமிழுக்கே அகராதி தந்தார். உங்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது!

தெரிந்து கொள்ளுங்கள்!

* தமிழ் எழுத்தில் மாற்றம் அத்துடன் நின்றுவிடவில்லை. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை, 1978ல் தமிழக அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகள் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது அப்போதுதான். உங்கள் தாத்தா, பாட்டியிடம் பழைய வடிவத்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

* தமிழ் உயிரெழுத்துகள் 12ல், குறில் 5, நெடில் 7. ஐ, ஔ இரண்டும் நெடில் கணக்கில் சேரும்.

* ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்றும் பெயர் உண்டு. அந்த ஊர் மாதாவைப் பாடும், 'திருக்காவலூர்க் கலம்பகம்' என்ற நூலையும் வீரமாமுனிவர் எழுதியுள்ளார்.